மாதம்மாவின் நிலமும் உன் வேகமான கோடும்

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ புது வேலைக்கு விமானம் ஏறுகிறாய். திங்கட்கிழமை காலை மலைமேல் ஜமுனாமரத்தூரில் மாதம்மாவின் நில மனு விசாரணைக்கு வருகிறது. இன்று புதன். இந்த மூன்று கிழமைகளையும் நேற்றிலிருந்து திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன், எண்ணினால் நடுவில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்துவிடும் என்பதுபோல. காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு உன் எண்ணுக்கு அடித்தேன். நீ எடுக்கவில்லை. பால் பொங்கி வழிந்துவிட்டது. உன் அப்பா வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னா, பையன் இன்னும் ஊரையே தாண்டல, அதுக்குள்ள இப்டியா?" என்றார். அவர் நினைக்கிற பயம் வேறு. நீ போவதற்காக நான் பயப்படவில்லை. போ, நன்றாக இரு. இந்த விஷயத்தைச் சொல்லாமலேயே போய்விடுவாயோ என்றுதான் பயம்.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேனே என்று சலித்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் முதலிலிருந்து வருகிறேன். நான் இருபத்தெட்டு வருடம் நில அளவைப் படம் வரைந்தவள். அளக்கிறவர்கள் வெயிலில் சங்கிலி பிடித்து அளந்து, எண்களைக் குறித்துக்கொண்டு வருவார்கள். அந்த எண்களை மேசையில் உட்கார்ந்து கோடாக்குவது என் வேலை. ஓய்வு பெற்று ஆலங்காயத்தில் உட்கார்ந்தபிறகும் கை சும்மா இருக்கவில்லை. மலைக்காரர்களின் வன நில உரிமை மனுக்களுக்கு உதவும் ஒரு சிறு அமைப்பில் வேலை பார்க்கும் செல்வி, வரைபடங்களைச் சரிபார்த்துத் தரச் சொல்லிக் கேட்டாள். சந்தை நாளில் பேருந்து ஏறி மேலே போய், பார்த்துக் கொடுத்துவிட்டு வருவேன். அந்த அமைப்பின் கைபேசிச் செயலியில் கோடு போடுவது உன் நிரல் என்று தெரிந்தபோது, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம்கூட அதைச் சொல்லிவிட்டேன். பெருமை அப்படி.

நீ கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்தபோது, பொங்கல் விடுமுறையில் எனக்குக் கோடு போடக் கற்றுத் தந்தது நினைவிருக்கிறதா? "அம்மா, கம்ப்யூட்டருக்கு சாய்வா கோடு போடவே தெரியாது, தெரியுமா? கட்டத்த ரொப்பத்தான் தெரியும்" என்றாய். என் வரைதாளை எடுத்துக் கட்டங்களை நிரப்பிக் காட்டினாய். பத்துக் கட்டம் வலப்பக்கம் போவதற்குள் மூன்று கட்டம் ஏறவேண்டிய கோடு. ஒவ்வொரு கட்டம் நகரும்போதும் மூன்றைச் சேர்த்துக்கொள். கையில் இருப்பது ஐந்தைத் தாண்டினால் ஒரு கட்டம் மேலே ஏறு, ஏறியதும் பத்தைக் கழித்துவிடு. பெருக்கல் கிடையாது, வகுத்தல் கிடையாது, பின்னம் கிடையாது. இரண்டாவது கட்டத்தில் ஏறினோம், ஆறாவதில் ஏறினோம், ஒன்பதாவதில் ஏறினோம். பத்தாவதில் போய் நின்றபோது கையில் பூஜ்யம். உண்மையான கோட்டுக்கும் நாம் நிரப்பிய கட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கையிருப்பு என்று விளக்கினாய். எனக்கு ஒரே சந்தோஷம். "தப்ப தூக்கிப் போடாம கூடவே எடுத்துகினு போவுதே இது" என்றேன். "அதனாலதான்மா இவ்ளோ வேகம், இவ்ளோ சரி" என்றாய். அன்று மதியம் சாதம் ஆறிப்போனதே தெரியாமல் நாமிருவரும் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். உன் அப்பா, "தாயும் புள்ளயும் கட்டம் ரொப்பியே வயித்த ரொப்பிக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானே போட்டுச் சாப்பிட்டார்.

அதற்குப்பிறகு வேலைக்குப் போனாய். வேலை முடிந்த நேரங்களில் ஒரு லைப்ரரி எழுதினாய். லைப்ரரி என்றால் புத்தகசாலை இல்லை, கோடு போடத் தெரிந்த ஒரு நிரல் தொகுப்பு, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் செயலிக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அதை இலவசமாக எல்லோருக்கும் திறந்து வைத்தாய். விலை குறைந்த கைபேசியில்கூட வரைபடம் திக்கித் திணறாமல் நகரும் என்பதில்தான் அது பேர் வாங்கியது. எப்படி என்று கேட்டேன். ஆயிரக்கணக்கான மூலைகள் உள்ள எல்லைக் கோட்டைச் சின்னத் திரையில் காட்டும்போது, பத்து மூலை சேர்ந்து திரையின் ஒரே புள்ளிக்குள் விழுந்துவிடும், அந்தப் பத்தையும் வரைவது வீண், ஒரு புள்ளி அளவுகூட வளையாத வளைவுகளை முன்கூட்டியே நீக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் வரைந்தால் போதும் என்றாய். "கண்ணுக்குத் தெரியாதத எதுக்கும்மா வரையணும்?" என்று கேட்டாய். சரிதானே என்று தோன்றியது. இப்போதும் அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. திரையில் காட்டுவதோடு அது நின்றிருந்தால்.

இனி மாதம்மா. அவளுக்கு நாற்பது வயது இருக்கும். சாமை விதைக்கிறாள், ஓடைப் பக்கம் இரண்டு புளியமரம் இருக்கின்றன. கணவன் கேரளத்தில் வேலைக்குப் போயிருக்கிறான், வருடத்துக்கு இரண்டு முறை வருவான். நிலத்தைப் பார்ப்பதெல்லாம் இவள்தான். மனுவோடு வரைபடம் கொடுக்கவேண்டும் என்பதால் செல்வி கைபேசியை எடுத்துக்கொண்டு அவளோடு எல்லையைச் சுற்றி நடந்தாள். எல்லை எங்கே திரும்புகிறதோ அங்கே நின்று பொத்தானை அழுத்தினால் கைபேசி அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும். செல்வி பொத்தானை அழுத்திய ஒவ்வொரு தடவையும் மாதம்மா ஒரு புளியங்கொட்டையைத் தன் சுருக்குப் பைக்குள் போட்டுக்கொண்டாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் மூட்டை எண்ணுவதும் ஆடு எண்ணுவதும் அப்படித்தான். சுற்றி முடித்தபோது பையில் இருபத்தாறு கொட்டை.

மூன்று வாரத்துக்கு முன் சந்தை நாளில் நான் மேலே போனேன். அமைப்பின் அறையில் அச்செடுத்த வரைபடங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நாற்பது குடும்பத்துக்கு மேல் இருக்கும், ஒவ்வொருவராக வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாதம்மா தன் படத்தைக் கையில் வாங்கி, மூலைமூலையாக விரலை வைத்துக்கொண்டே போனாள். ஒன்பதில் விரல் நின்றுவிட்டது. சுருக்குப் பையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினாள்.

"ஏம்மா, நான் இருபத்தாறு தபா நின்னேன். இதுல ஒம்போதுதான் கீது. மீதி இன்னா ஆச்சி?"

"படத்துல சின்னச் சின்ன வளைவெல்லாம் தெரியாது மாதம்மா" என்றேன்.

"ஓட ஓரமா சுத்திகினு போனேன்ங்க. இது நேரா போவுதே. என் புளியமரம் ரெண்டும் கோட்டுக்கு அந்தாண்ட போய்டுச்சா?"

அவள் சத்தம் போடவில்லை. காய்கறி நிறுவையில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். எனக்கு உடனே சுருக்கென்றது, அதை மறைக்காமல் சொல்கிறேன். அவளை உட்காரவைத்துவிட்டு வெளியே போய் உனக்குப் போன் பண்ணினேன். நீ ஏதோ கூட்டத்தில் இருந்தாய், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாய். "அம்மா, அது ஸ்கிரீன்ல காட்றதுக்கு மட்டும்தான். உள்ள இருக்கற பாயின்ட் ஒண்ணுகூட போவாது. பயப்படாம இரு" என்றாய். நீ சொன்னால் எனக்குச் சரி. உள்ளே போய் மாதம்மாவிடம் அதையே சொன்னேன். "கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுது. உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு. என் பையன் எழுதினதுதான்" என்றேன். "நீங்க சொன்னா சரிங்க" என்று சொல்லி, கொட்டைகளைத் திரும்பப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் போடுவாள், நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், நிறுத்து என்று சொல்லத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகும் மனசு அடங்கவில்லை. இரண்டு வாரம் என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன், முடியவில்லை. போன வாரம் செல்வியிடம் அந்தக் கோப்பிலுள்ள எண்களையே அனுப்பச் சொன்னேன். படம் வேண்டாம், எண்கள் மட்டும் போதும் என்றேன். இந்தத் திங்கட்கிழமைதான் வந்தன. ஒரு மூலைக்கு ஒரு வரி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்து எண்ணினேன். ஒன்பது வரி. மறுபடி எண்ணினேன், ஒன்பதுதான். மற்ற குடும்பங்களுடையதையும் வாங்கிப் பார்த்தேன், எல்லாமே அப்படித்தான் மெலிந்து கிடந்தன. சிலருக்கு நிலம் குறைந்திருக்கிறது. உள்பக்கமாக வளைந்த இடத்தில் கோடு நேரானதால் சிலருக்குக் கூடியும் இருக்கிறது. கூடியவர்கள் வாயைத் திறந்து கேட்கப்போவதில்லை.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். அன்றைக்கு எடுத்தாய். எண்களைப் படித்துக் காட்டினேன். உன் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு நீயாகத்தான் சொன்னாய், அதற்காக உன்மேல் எனக்கு மரியாதை உண்டு. மூலைகளை நீக்குவதற்குமுன் ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் நீக்கியிருக்கவேண்டும். நகல் எடுத்தால் நேரமாகும், சின்னக் கைபேசியில் இடமும் போதாது என்று, கையில் கொடுத்த பட்டியலிலேயே நீக்கிவிட்டாய். நீ சோதித்துப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் கோப்பைப் புதிதாகத் திறந்ததால் வளைவுகள் திரும்பத் திரும்ப வந்துவிட்டன, உனக்குத் தெரியவில்லை. இவர்களுடைய செயலியோ ஒருமுறை திறந்ததையே வைத்துக்கொள்கிறது. அச்செடுப்பதற்காகப் பத்துப் பன்னிரண்டு ஊரையும் ஒரே திரையில் சுருக்கிப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு சுருக்கினால் திரையில் ஒரு புள்ளி என்பது தரையில் முப்பது நாற்பது அடி. அதற்குள் அடங்கிய வளைவையெல்லாம் உன் நிரல் நீக்கிவிட்டது. அவர்கள் சேமி என்ற பொத்தானை அழுத்தியதும், மெலிந்த கோடு பழைய கோப்பின்மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது. மாதம்மாவின் இரண்டு மரமும், ஓடையோரத்துச் சாமைத் துண்டு நிலமும், ஊற்றுக்கு இறங்கும் வழியும் அந்த முப்பது நாற்பது அடிக்குள்தான் இருக்கின்றன.

"சரி, இப்ப இன்னா பண்ணலாம்?" என்று கேட்டேன்.

"அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம சரி பண்ணிட்றேன்மா."

"அது இனிமே போட்ற கோட்டுக்கு. போட்ட கோட்டுக்கு?"

"அம்மா, அந்த லைப்ரரிய பாத்துதான் எனக்கு இந்த வேல குடுத்தாங்க. அந்த வேகத்தத்தான் இன்டர்வியூல காட்டினேன். இப்போ போய், ஜனங்களோட டேட்டாவ கெடுத்துட்டேன்னு நானே எழுதினா இன்னா நெனப்பாங்க? போய்ச் சேந்துட்டு, ஒரு மாசம் போவட்டும், பாக்கறேன்."

அதற்குப்பிறகு நீ என் போனை எடுக்கவில்லை. வீட்டைக் காலி செய்கிறாய், பெட்டி கட்டுகிறாய், எல்லாம் தெரியும். பெட்டி கட்டுகிறவன் அம்மாவின் போனை ஒருமுறைகூட எடுக்க முடியாத அளவுக்குக் கட்டுவதில்லை.

உன் அப்பாவிடம் சொன்னேன். மலைப் பேருந்தில் கண்டக்டராகக் காலம் தள்ளிய மனுஷன், அந்த ஊர்க்காரர்களை எனக்கு முன்பே அறிந்தவர். "ஊருக்குப் போற புள்ளய இப்போ போய் கலைக்காத. ரெண்டு மரந்தானே, அப்பறமா சொல்லி வாங்கிக் குடுத்துர்லாம்" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "ஆனா அந்தப் பொண்ணு கையில இருக்கறதே அவ்ளோதான்" என்று தானாகவே சொன்னார். அவருக்கும் நிம்மதி இல்லை. நேற்றிலிருந்து செய்தித்தாளை ஒரே பக்கத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும் கண்ணு. இதுவரை உன்னிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், உன் அப்பாவுக்கே தெரியாது. நீ என் வயிற்றில் ஏழு மாதம். ஒரு பழைய நிலப்படக் கட்டு நைந்துபோய், புதிதாகப் படியெடுக்கும் வேலை. மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று அவசரப்படுத்தினார்கள். நூற்றுக்கணக்கான தாள், எனக்கோ குனிந்தால் மூச்சு முட்டியது. ஒரு தாளில், ஒரு வயலின் வரப்பு ஒரு கிணற்றைச் சுற்றி லேசாக வளைந்து போகும். அந்த அளவில் அது என் பேனா முனையின் அகலம்கூட இல்லை. கண்ணுக்கே தெரியாததை எதற்கு வரையவேண்டும் என்று நானும்தான் நினைத்தேன், நீ சொன்ன அதே வார்த்தை. நேராக ஒரு கோடு இழுத்துவிட்டேன். படியெடுத்து முடிந்ததும் பழைய கட்டை நைந்ததென்று அப்புறப்படுத்திவிட்டார்கள். என் படிதான் அசல் ஆனது.

நீ ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருடம் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். கிணறு பக்கத்து வயல்காரனுக்குச் சேர்ந்ததென்று படத்தைக் காட்டி மறிக்கிறான், நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தண்ணீர் இறைத்த கிணறு, கொஞ்சம் பாருங்கள் என்றாள். கட்டைப் பிரித்தார்கள். தூரத்திலிருந்தே என் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டேன். இழுத்த அன்று எதை நினைத்து இழுத்தேன் என்பதுகூட நினைவுக்கு வந்தது. எழுந்து போய், இது என் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ, உன் பள்ளிக்கூடம் என்ன ஆவது, வாங்கிய வீட்டுக் கடன் என்ன ஆவது என்று உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அவள் என் மேசைக்கும் வந்து கேட்டாள். "பதிவுல இருக்கறபடிதாம்மா" என்றேன். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாமல் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் வேறு கட்டு வந்தது. அதற்கடுத்த மாதம் வேறு. முதலில் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது. அவள் முகம் முதலில் தினமும் வந்தது, பிறகு எப்போதாவது. இவ்வளவு நாளில் நான் கண்டது இதுதான்: தப்பு செய்தவளுக்கு அது பழகிப்போகிறது. எனக்கு நன்றாகவே பழகிப்போனது. பதவி உயர்வு வாங்கினேன், உனக்குப் பிறந்தநாள் கொண்டாடினேன், சிரித்தேன். உனக்கும் அப்படிப் பழகிவிடுமே என்றுதான் இதை எழுதுகிறேன். உன் பேர் கெட்டால் நாலு பேர் நாலு நாள் பேசுவார்கள். பழகிப்போனால் உன்னிடம் யாரும் எதுவும் பேசமாட்டார்கள், நீயும் பேசமாட்டாய்.

அம்மா நீயே மேலே போய்ச் சொல்லேன் என்று நீ கேட்கலாம். திங்கட்கிழமை முதல் பேருந்தில் போகிறேன், நான் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாள் என்று அங்கே சொல்லப்போகிறேன். ஆனால் ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். மறுபடி எல்லையைச் சுற்றி நடக்கலாம்தான். கையெழுத்துப் போட்டபிறகு ஆசைக்குக் கோட்டை வளைத்துக்கொண்டு வந்தாள் என்பார்கள், என் பேச்சும் வேண்டியவளுக்காகப் பேசியது என்று ஆகிவிடும். செல்வியின் கைபேசியில் பழைய கோப்பு இல்லை, அதன்மேலேயே மெலிந்தது பதிந்துவிட்டது. அச்செடுக்கும்முன் சோதித்துப் பார்க்க அவர்கள் உனக்கு அனுப்பிய நகல் உன் மடிக்கணினியில் இருக்கிறது. மாதம்மா நடந்த இருபத்தாறு இடமும், நாற்பது குடும்பத்தின் எல்லா வளைவும், நடந்த தேதியோடு அதில் மட்டும்தான் இருக்கின்றன. அதை அனுப்பு. கூடவே ஒரு பக்கம் எழுது. எந்த நிரலில் என்ன நடந்தது, ஏன் மூலைகள் போயின, எழுதியவன் நான்தான் என்று உன் பேர் போட்டு எழுது. நீ சொன்னால்தான் அது ஆதாரம்.

இதை வெளியிடுவதற்குக் காரணம் சொல்வதாகச் சொன்னேனே. உன் லைப்ரரியை இன்னும் எத்தனை பேர் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று உனக்கே தெரியாது. எந்த ஊரில் யாருடைய வரப்பு, யாருடைய வாய்க்கால் அதற்குள் நேராகிக் கிடக்கிறதோ. அவர்களெல்லாம் ஆளுக்கொரு சுருக்குப் பை வைத்துக்கொண்டு நடந்திருக்கப்போவதில்லை. அவர்கள் தங்கள் கோப்பைத் திறந்து எண்களை எண்ணிப் பார்க்கவேண்டுமென்றால், எண்ணு என்று யாராவது சொல்லவேண்டும். அதனால் செல்வியின் அமைப்பு சனிக்கிழமை இதைத் தங்கள் பக்கத்தில் போடுகிறது. உனக்கு இன்றே அனுப்புகிறேன். அதற்குள் நீயே எழுதிவிட்டால் உன் எழுத்து மேலே வரும், இது அதற்குக் கீழே வரும். எழுதாவிட்டால் இது மட்டும் வரும். பெற்றவளே பிள்ளையைச் சந்திக்கு இழுக்கிறாளே என்று நாலு பேர் சொல்வார்கள். நீயும் சொல்வாய். புது ஊரில், புது வேலையில், முதல் நாளே உன்னை யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்று நினைத்தால் இந்தத் தாளைக் கிழித்துப் போடலாம் போலிருக்கிறது. இரண்டு தடவை கிழித்தும் போட்டேன். இது மூன்றாவது.

ஒருவேளை உன் புது இடத்தில் அவர்கள் நீ பயப்படுவதுபோல நினைக்காமலும் இருக்கலாம். கோடு போடுகிறவர்கள்தானே அவர்களும், தப்பு எங்கே சேர்கிறது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படித்தான் நடக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க எனக்கு வழியில்லை. வேலை போனாலும் போகலாம். போனால் வீட்டுக்கு வா. ஆலங்காயத்தில் உன் அறை அப்படியேதான் இருக்கிறது, உன் அப்பா அதில் வெங்காயம் காயப்போட்டிருக்கிறார், எடுத்துவிடச் சொல்கிறேன்.

நேற்று சாயங்காலம் செல்விக்குப் போன் பண்ணி, மாதம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டது, மூலைகள் போய்விட்டன, நிரல் எழுதியது என் பிள்ளை என்று சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்க பையன் தெரிஞ்சி பண்ணாராங்க?"

"இல்ல மாதம்மா. சத்தியமா அவனுக்குத் தெரியாது."

"தெரியாம பண்ணதுக்கு இன்னாங்க பண்றது. உடுங்க" என்றாள். சொல்லிவிட்டுப் போனைச் செல்வியிடம் கொடுத்துவிட்டாள்.

கண்ணு, அந்தக் கோட்டை எழுதிய நாளில் உனக்குத் தெரியாது. நான் சொன்னது உண்மை. ஆனால் இந்தத் திங்கட்கிழமையிலிருந்து உனக்குத் தெரியும். நீ எதுவும் அனுப்பாவிட்டால், வருகிற திங்கட்கிழமை அவள் விசாரணையில் நின்று, மரம் இரண்டும் கோட்டுக்கு வெளியே என்று சொல்லக் கேட்டுவிட்டு வெளியே வரும்போது நான் வாசலில் நிற்பேன். தெரிஞ்சி பண்ணாராங்க என்று அவள் என்னிடம் மறுபடியும் கேட்பாள். நான் உன் அம்மாதான். ஆனாலும் அவளிடம் இரண்டாவது தடவை பொய் சொல்லமாட்டேன்.

அம்மா